சலாலா போன அண்ணன்

டீக்காவுக்கு இன்னும் ஒரே வாரம் இருக்கும்போது ஹிக்மத் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"சலாலாவுக்கு. சுத்திப் பாக்க."

மஸ்கட்டில் எங்கள் அறையில் ஏழு பேர். ஏழு பேரும் நேபாளத்தில் ஒரே ஊர், ஒரே வம்சம். பஸ்நெத் பங்காளிகள். வேலையும் ஒரே வணிக வளாகத்தில் செக்யூரிட்டி. ஹிக்மத் அண்ணன்தான் எங்களில் மூத்தவர். தசைன் பண்டிகையன்று தயிர், அரிசி, குங்குமம் மூன்றையும் பிசைந்து மூத்தவர்தான் எல்லார் நெற்றியிலும் டீக்கா அப்பி வாழ்த்த வேண்டும். அவரே பையைத் தூக்கினால்?

இத்தனைக்கும் நாலு வருஷத்தில் முதல்முறையாக அறையில் எல்லாருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைத்திருந்தது. மேனேஜரிடம் மல்லுக்கட்டி அதை வாங்கியதே அவர்தான். டீக்காவோடு காதில் செருகிக்கொள்ள, கட்டிலுக்கு அடியில் இருட்டில் பார்லி முளைக்கப் போட்டதும் அவர்தான்.

"மழை சீசன் முடிஞ்சு போச்சேண்ணே. சலாலாவுல இப்ப என்ன இருக்கு? ஒட்டகம்தான் இருக்கும்" என்றான் டம்பர். அண்ணனுக்கு அடுத்த மூத்தவன் அவன்.

"அதைத்தான் பாக்கப் போறேன்."

"அது இங்கயே ரோட்டோரம் நிக்குதே! இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க. ரெண்டு வாரம் எதுக்கு?"

அண்ணன் சிரிக்கவில்லை. ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த லீவையல்லவா எடுத்திருந்தார்!

நவராஜுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. எங்களில் கடைசி. வீட்டை விட்டு வந்து அவனுக்கு இதுதான் முதல் தசைன். ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தவன்.

"அப்ப எனக்கு யாருண்ணே டீக்கா வைப்பாங்க?" என்று அவர் காலைத் தொடக் குனிந்தான்.

அண்ணன் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"தொடாத, தொடாத. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போயே போய்விட்டார்.

"பெரிய மனுஷன் ஆயிட்டாருடா. நம்ம கையெல்லாம் பட்டா அழுக்காயிடுவாரு" என்றேன் நான்.

தசைன் எங்களுக்காகக் காத்திருக்குமா? டம்பர்தான் டீக்கா வைத்தான். மந்திரம் தெரியாது. போனைப் பார்த்துப் படித்தான். பாதியில் அதே போனில் அவன் மனைவி கூப்பிட்டாள். "அப்புறம் பேசறேன், ஆசீர்வாதத்துல இருக்கேன்" என்று வைத்தான். அந்த ஆசீர்வாதம் பலிக்குமா பலிக்காதா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது.

ஆடு வெட்டினோம். சீட்டாடினோம். தொங்கின முகத்தோடு இருந்த நவராஜ் கூட மத்தியானத்துக்கு மேல் எழுந்து ஆடினான். நெற்றி நிறையச் சிவப்போடு வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டான். அந்த அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"அண்ணன் இந்நேரம் ஒட்டகத்துக்கு டீக்கா வச்சிட்டு இருப்பார்" என்றான் டம்பர். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தோம்.

பௌர்ணமியோடு தசைன் முடிந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், அண்ணன் வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டி, தாடி மண்டிக் கிடந்தது.

"வாங்க வாங்க. ஒட்டகமெல்லாம் சௌக்கியமா?" என்றான் டம்பர், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போட்டோ காட்டுங்க" என்றான் நவராஜ்.

"எடுக்கலடா."

"ரெண்டு வாரம் சுத்திட்டு ஒரு போட்டோ கூடவா எடுக்கல?"

"நம்மகிட்ட காட்டினா கௌரவம் குறைஞ்சிடும்" என்று நானும் என் பங்குக்குக் குத்தினேன்.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை.

"டீக்கா எல்லாம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு."

"ஆடு?"

"எலும்பைக்கூட விடல."

"நவராஜ், அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"குறை ஒண்ணும் இல்லையே?"

"நீங்க இல்லாதது ஒரு குறையாவே தெரியலண்ணே" என்றான் டம்பர்.

அதற்குத்தான் அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். பையைக் கீழே வைத்தார்.

"ரொம்ப நல்லது. இப்ப ஒவ்வொருத்தரா போய்த் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"அஸ்ஸாம்ல இருந்த நம்ம பெரியப்பா போய்ப் பதினஞ்சு நாளாச்சு."

டம்பர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான். பங்காளி செத்தால் பதின்மூன்று நாள் தீட்டு. டீக்கா கிடையாது, ஆடு கிடையாது, அந்த வருஷம் தசைனே கிடையாது. ஒருத்தரையும் தொடவும் கூடாது. அந்த நாள் கழிந்து கேள்விப்பட்டால் மட்டும் ஒரு முழுக்கோடு சரி. எங்கள் ஏழு பேருக்கும் தெரிந்த சங்கதிதான் இது.

"அப்ப சலாலா?" என்றான் நவராஜ்.

"சலாலாவாவது ஒண்ணாவது! இங்க பக்கத்து ஊர் பர்க்காவுல தெரிஞ்சவரோட பேரீச்சந்தோட்டத்து ஷெட்டுல இருந்தேன். ஒருவேளைச் சோறு, அதுவும் உப்பில்லாம."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"சொன்னா உங்களுக்கும் தீட்டு. ஊருக்குச் சொன்னா ஊருக்கே தீட்டு. போன் எனக்கு மட்டும்தான் வந்துச்சு" என்றார் அண்ணன், கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தள்ளியபடி. "கேட்டவனுக்குத்தானேடா தீட்டு? அதான், ஒரு காதோட நிறுத்திட்டேன்."