நாலாவது பாயிண்ட்

மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

அவள் அடுக்களை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூடத்து மூலையில் கேமராவின் பச்சைப் புள்ளி அணைந்திருந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் வரை கரண்ட் வராது. தெரு முழுக்கப் புழுக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது.

அவள் கூடத்துக்கு வந்து, நட்டநடுவில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

போன லீவில் வந்தபோது புருஷன் மாட்டிவிட்டுப் போன கேமரா. பாதுகாப்புக்குத்தான் என்றான். மஸ்கட்டில் இருந்தபடியே பார்க்கலாம், பேசலாம்.

பேசினான். கதவைச் சாத்து. பால் பொங்குது பார். யாரு அது, வந்துட்டுப் போறது?

ஒருநாள் எதிர்வீட்டுப் பேச்சிக்கனி வந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் போகலையா என்று மேலிருந்து குரல் வந்தது. பேச்சிக்கனி நிதானமாக அண்ணாந்து பார்த்தாள்.

“ஏட்டி, ஒங்க வீட்டுப் பல்லி நல்லாப் பேசுதே.”

அதற்குப் பிறகு பேச்சிக்கனி வரவில்லை. யாருமே வரவில்லை.

பார்க்க முடிகிறவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது? சாப்பிட்டாயா என்று அவன் கேட்பதில்லை. சாப்பிட்டது தெரியும். காய்ச்சலா என்று கேட்பதில்லை. படுத்துக் கிடப்பது தெரியும்.

கரண்ட் போகிற நாளில் மட்டும் போன் அடிக்கும்.

என்ன பண்ணுகிறாய் என்பான். என்ன குழம்பு என்பான். போன மாதம், கொஞ்சம் தயங்கி, என்ன சேலை கட்டியிருக்கிறாய் என்று கேட்டான். பழைய நைட்டியில் இருந்தவள், அந்த மாம்பழ மஞ்சள் என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்ட மூச்சு.

மறுவாரமே இன்வெர்ட்டருக்குப் பணம் அனுப்பிவிட்டான்.

கடைக்காரர் இன்றைக்குத்தான் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் வந்தவன் ஸ்டூல் போட்டு ஏறினான். சின்ன இன்வெர்ட்டர், வீடு முழுக்கத் தாங்காது, நாலு பாயிண்ட்தான் கொடுக்கலாம் என்றான். எதெதற்கு என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

கூடத்து ஃபேன். படுக்கையறை ஃபேன். அடுக்களை லைட்.

ஒயரைப் பல்லில் கடித்தபடி அவன் காத்திருந்தான்.

“பாத்ரூம் லைட்டு.”

“பட்டப்பகல்ல பாத்ரூமுக்கு எதுக்குக்கா லைட்டு? கேமராவுக்குக் குடுத்தா அண்ணன்...”

மேலே பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

சரிக்கா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன் அடித்தது. மஸ்கட்.

உடனே எடுக்கவில்லை. முகத்து வியர்வையைத் துண்டால் ஒற்றினாள். கலைந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள்.

அப்புறம் எடுத்தாள்.