விழுங்காத வைன்

இரண்டாவது கிண்ணத்து வைனையும் யூலியன் வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு வாளியில் துப்பினான். எதிரே உட்கார்ந்திருந்த பாலேந்திரன் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் கல்யாணம் குழம்பிவிடும் என்று யூலியன் பயந்தான்.

சோதனைதான், சந்தேகமே இல்லை. கிறிஸ்தவன், வேதக்காரப் பெடியன் என்றதுமே முகத்தைச் சுளித்த மனிதர் அவர். மகளைப் பெண் கேட்டுப் போனவனிடம் ஆம் இல்லை என்று ஒன்றும் சொல்லாமல், சனிக்கிழமை வெளிக்கிட்டு நிற்கச் சொன்னார். ஓஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் அவனைக் காரில் ஏற்றி, மலைச்சரிவில் புதிதாகத் திறந்திருக்கும் இந்த திராட்சைத் தோட்டத்துக்கு வைன் ருசி பார்க்கக் கூட்டி வந்துவிட்டார்.

குடிகாரனுக்கு அப்பா என்னைத் தரவே மாட்டார், கவனம் என்று யதுர்ஷா காலையிலேயே எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தாள்.

தோட்டத்துக்குள் ஏறும்போது பாலேந்திரன், சரிந்து கிடந்த ஒரு கொடியைக் குனிந்து எடுத்துக் கம்பியில் செருகிவிட்டு நடந்தார். எதிலும் ஒழுங்கு பார்க்கிற ஆள், கொஞ்சம் பிசகினாலும் தொலைந்தோம் என்று யூலியன் நினைத்துக்கொண்டான்.

பரிமாறிய நோர்வேக்காரப் பெண் மூன்றாவது கிண்ணத்தை வைத்தாள். விழுங்க விருப்பமில்லாதவர்கள் துப்பலாம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. பாலேந்திரன், கார் ஓட்ட வேண்டும் என்று தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இதை ஆறுதலாக் குடிச்சுப் பாரும்" என்றார். குரல் நடுங்கியது. கோபமாக்கும் என்று யூலியன் பயந்துபோனான்.

அவசரமாக வாயில் வைத்தான். அதே அவசரத்தில் துப்பினான்.

"ஏன் தம்பி, ஒண்டும் பிடிக்கேல்லையோ?"

நல்ல பெயர் எடுக்க இதைவிட வேறு சந்தர்ப்பம் வாய்க்காது என்று பட்டது. "எனக்கு இதெல்லாம் சரிவராது, அங்கிள். குடும்பங்களைக் கெடுக்கிற சாமான். இந்தக் குளிருக்குள்ளை மெனக்கெட்டு இதைக் கொண்டுவந்து நட்டவனைச் சொல்லோணும்."

பாலேந்திரன் கொடிகள் நின்ற சரிவைப் பார்த்தபடி இருந்தார். ஒருவழியாகத் தப்பிவிட்டோம் என்று யூலியனுக்கு மூச்சு வந்தது. யதுர்ஷாவுக்கு என்ன செய்தி அனுப்பலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

அவர் மெல்லத் திரும்பினார்.

"வீட்டிலை இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. உமக்குத்தான் முதல்லை சொல்லுவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான். நட்டவன் நான்தான், தம்பி."