நம்பர் போடாத மரம்

"ஏனுங்க தம்பி, கமலா தோட்டத்துல ஒரு மரத்துக்கு மட்டும் நம்பர் போடாம வுட்டுட்டீங்களே, ஏன்?"

பொன்னுவேல் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கார்பன் கம்பெனி ஆள் ஜாபெஸ், பெயிண்ட் டப்பாவோடு நிமிர்ந்தான்.

"அவங்கதான் அது வேண்டாம்னாங்க."

"அதானே பார்த்தேன்!"

தலைச்சோலையில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். மரத்தை வெட்டாமல் காப்பவர்களுக்கு, எங்கேயோ புகை விடுகிற ஆலைகள் பணம் தருமாம். பெரிய எஸ்டேட்டுகளோடு நின்றிருந்த திட்டம் இந்த வருஷம் சின்னக் காப்பித் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. நம்பர் போட்ட மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருத்தர் ஏமாற்றினாலும் ஊருக்கே பணம் நின்றுவிடும்.

பொன்னுவேல், தீப்பெட்டி வாங்கினால்கூடத் திறந்து குச்சியைப் பார்க்கிற ஆள். வேலித் தகராறுக்கு அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக் கமலாவோடு பேச்சுவார்த்தையே இல்லை.

"இருக்கறதுலயே நொம்பப் பெரிய சில்வர் ஓக்குங்க அது. நேத்து மரம் வெட்டற ஆளு வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போனான். எங்களுக்கு ஒரு சட்டம், அந்தம்மாளுக்கு ஒரு சட்டமா?"

ஜாபெஸ் தயங்கினான். "தோட்டம் மொத்தத்துக்கும்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இருந்தாலும் ஒரு மரம்தானுங்களே..."

"இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு? நம்பரைப் போடுங்க. இல்லைன்னா உங்க மேனேஜருக்கே போன் போடுவேன்."

டப்பாவைக்கூட அவரே பிடித்துக்கொண்டார். மரத்தில் சிவப்பாக நம்பர் ஏறியது. ஜாபெஸ் போனில் படம் எடுத்து அனுப்பினான்.

"கம்பெனிக்குப் போயிருச்சுங்க. இனி பத்து வருஷத்துக்கு இதுல ஒரு கிளையைக்கூட யாரும் வெட்ட முடியாது."

பொன்னுவேலுக்கு மனசு குளிர்ந்தது. அப்போதுதான் கமலா, காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஏன், மரக்கடைக்காரன்கிட்ட வாங்குன அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கணுமோ?"

"நான் விக்கலைங்க. கையில இருந்து கூலி குடுத்து வெட்டச் சொல்லியிருந்தேன்." கமலாவுக்கு மூச்சு வாங்கியது. "போன மழைக்கு இதோட கிளை முறிஞ்சு உங்க ஊட்டு ஓடு நொறுங்குச்சே. மழை வந்தாலே பயமா இருக்குதுன்னு உங்க சம்சாரம் உங்களுக்குத் தெரியாம எங்கிட்ட வந்து அழுதாங்க. அதான் இந்த ஐப்பசிக்குள்ள..."

ஓடு மாற்றியதோடு அதை மறந்தே போயிருந்த பொன்னுவேல் அண்ணாந்து பார்த்தார்.

கையில் பெயிண்ட் டப்பா அப்படியே இருந்தது. மரம், அவர் வீட்டுக் கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.