மரத்துக்குள் ஒரு சத்தம்

வாசலில் நிற்கும் வாகை மரத்துக்கு ஆசிட் ஊற்றியது சகாயராஜ்தான். சாரதாமணிக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவருடைய ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பழைய தையல் மெஷின்கள் போட்டுப் பனியன் தைப்பவன் அவன். மரம் போர்டை மறைக்கிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். போதாதா?

போன தை மாதம் தவறிய கணவர் குமாரசாமி வைத்த மரம். அந்த அம்மா விடுவாரா? புகார் கொடுத்தார். மரத்தைப் பரிசோதிக்க வனத்துறையிலிருந்து அனுசுயா வந்தாள்.

அடிமரத்தில் வட்டவட்டமாக ஓட்டைகள். கீழே மரத்தூள். ட்ரில் போட்டு ஊற்றியிருக்கிறான் என்று சாதித்தார் சாரதாமணி.

அனுசுயா பட்டையில் ஊசி ஒன்றைச் செருகி, ஒயரை மாட்டி, ஹெட்போனை அவர் காதில் வைத்தாள்.

உள்ளே யாரோ முறுக்கு கடிக்கும் சத்தம். சாரதாமணிக்குக் கோபமே மறந்துவிட்டது.

"உள்ள யாரு கண்ணு?"

வண்டின் புழுக்கள், மரத்தைத் தின்கின்றன என்றாள் அனுசுயா. இந்த ஊர் வண்டே இல்லையாம். துணி பின்னும் வெளிநாட்டு நிட்டிங் மெஷின் வரும் மரப்பெட்டிகளில் ஒளிந்து வந்திருக்குமாம். அந்தப் பலகையை யாராவது இங்கே கொண்டுவந்தார்களா என்று கேட்டாள்.

"நான்தாங்க மரத்தடியில போட்டு வச்சிருந்தேன். தெரியாமப் பண்ணிட்டேன்" என்றான் ஷெட் வாசலில் நின்றிருந்த சகாயராஜ்.

கிளைகளை வெட்டி மருந்து ஏற்றினால் மரம் பிழைக்கும் என்று அனுசுயா சொன்ன பிறகுதான் சாரதாமணி அவன் பக்கம் திரும்பினார்.

"உன்ற மூஞ்சில முழிக்க என்னால முடியாது சாமி. மாசக் கடைசில ஷெட்டைக் காலி பண்ணிக்க."

அவர் உள்ளே போய்விட்டார். அனுசுயாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது.

"உங்ககிட்ட இருக்கறது இங்கயே வாங்கின தையல் மெஷினாச்சே அண்ணா. மரப்பெட்டி ஏது?"

சகாயராஜ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"குமாரசாமி மொதலாளி கம்பெனிக்கு வந்த பெட்டிம்மா. நான் அப்ப அவருகிட்டதான் வேலை பாத்தேன். கம்பெனி வேன் மரத்துல இடிச்சிரக் கூடாதுன்னு, அந்தப் பலகையை ஒடச்சு அவரே சுத்தி வேலி அடிச்சாரு. அது எந்தப் பலகைன்னு அக்காவுக்குத் தெரியாது. அவரை நெனச்சுத்தான் தெனமும் தண்ணி ஊத்துதாங்க. அவராலதான் இப்படி ஆச்சுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"