குடையை விட்டது யார்?

"அன்னைக்கு பஸ்ல குடையை விட்டது இவருதான் சார்!" என்றாள் அவள்.

"புளுகாதே! இவதான் சார்!" என்றார் அவர்.

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லியே தலை நரைத்த நிபுணர் மேசையைத் தட்டினார். எட்டு மாதமாக ஒவ்வொரு வியாழனும் இதே குடைதான்.

"போதும்! ஒண்ணு, ராசியாகிப் போங்க. இல்லேன்னா விவாகரத்து வாங்கிட்டுப் போங்க. இனிமே இங்கே வராதீங்க!"

இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விவாகரத்து வாங்கி ரெண்டு வருஷமாச்சு சார்," என்றாள் அவள் மெதுவாக.

"அப்புறம் எதுக்குய்யா என் உயிரை வாங்குறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சேர்ந்து உட்கார்ந்து சண்டை போட எங்களுக்கு வேற இடம் ஏது சார்?"

நிபுணர் பெருமூச்சு விட்டார். டைரியைத் திறந்து, அடுத்த வியாழன் நாலு மணிக்கு நேரே 'குடை' என்று எழுதிக்கொண்டார்.