பலகையின் தாகம்

"இன்னாய்யா எண்ணெ பூசன நீ? அப்டியே முழுங்கிட்ச்சி பாரு," என்றாள் இருதயம்மாள்.

லாஞ்சின் மேல்தட்டில் விட்ட தண்ணீர்த் துளிகள் பலகைக்குள் இறங்கிக் கறுத்த தழும்புகளாகத் தெரிந்தன. கஸ்பார் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கரையில் படகுப் பலகைகளுக்குச் சாயம் பூசுகிறவன். காய்ச்சின எண்ணெயில் காவியைக் குழைத்து அவன் பூசினால் மூன்று மாதம் கவலையில்லை. அதற்குள் வெளுத்துப்போனால் சும்மாவே மறுபடி பூசித் தருவான். அது அவன் கொடுத்த வாக்கு.

'அடைக்கல மாதா' லாஞ்சுக்கு மட்டும், வருஷம் பிறந்து ஐந்து மாதத்துக்குள் இது ஐந்தாவது பூச்சு.

"உப்புத் தண்ணிக்கு அசையாது, வெயிலுக்கு அசையாது," என்றான் கஸ்பார். "சலவ சோடா போட்டுத் தேச்சாத்தான் என் சாயம் எறங்கும். உன் தட்டு மட்டும் ஏன் இந்தப் பேஜாரு பண்ணுதுன்னு புரியல இருதயம்மா."

"அப்போ என் பலகைக்குத் தாகம் ஜாஸ்தின்றியா?"

தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்த மகள் ரோசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இறந்த புருஷன் விட்டுப்போன லாஞ்சை நாலு வருஷமாக அம்மா தனியாக நடத்துகிறாள். அவள் வாயைக் கண்டு கரையே பயப்படும். கஸ்பார் ஒருவன்தான் பதிலுக்குப் பதில் பேசுவான்.

சாயம் போதுமா போதாதா என்று பார்க்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. பலகையில் துளி விட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்ல வேண்டும். செபம் முடிகிறவரை துளி முத்தாக உருண்டு நின்றால் சாயம் நன்றாக இருக்கிறது. அதற்குள் பலகை குடித்துவிட்டால் மறுபூச்சு. லாஞ்சுக்குச் சொந்தக்காரர்தான் செபம் சொல்ல வேண்டும். இருதயம்மாள் எழுத்தெழுத்தாக இழுப்பாள்.

"பெரிய வியாழனுக்குச் சாமியார்கூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டாரு," என்றான் கஸ்பார்.

"கஸ்பாரண்ணே," என்று லாஞ்சு ஓட்டும் ஆறுமுகநயினார் எஞ்சின் பக்கமிருந்து தலையை நீட்டினார். "எண்ணூர்லேர்ந்து ரெண்டு பேரு உன்ன வேலைக்குக் கூப்பிட வந்தாங்க. இந்தத் தட்டப் பாத்தாங்க. அப்டியே பஸ் ஏறிட்டாங்க."

கஸ்பாரின் முகம் சுருங்கியது. பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தான்.

"இதோ பாரு இருதயம்மா. இன்னிக்குப் பூசறேன். அடுத்த மாசம் இராயப்பர் திருநாளுக்கு மொத நாள் எல்லார் முன்னாடியும் துளி வுட்டுப் பாப்போம். அன்னிக்கும் குடிச்சிட்ச்சின்னா, பிரஷ்ஷக் கடல்ல வீசிட்டு கொச்சிக்கு எங்கண்ணன்கிட்ட போய்டறேன். இந்தக் கரைல திரும்பக் கால் வெக்க மாட்டேன்."

"குடிக்கலேன்னா?" என்று கேட்டாள் ரோசி.

"உங்கம்மா கையால நண்டுக் கொழம்பு. பொண்டாட்டி செத்ததிலேர்ந்து ஆறு வருஷமா கடைச் சோறு துன்னு நாக்கு செத்துக் கீது."

இருதயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சர்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகை விட்டு இறங்கினாள். மத்தியானத்துக்கு, ஒவ்வொரு பூச்சுக்கும் கொண்டுவருவதுபோல ரசமும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து, "பசியோட பூசனா எப்டிப் புடிக்கும், துன்னு தொல," என்று அவன் முன்னால் வைத்தாள்.

அந்தக் கரையில் ஞாயிறுகளில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் இருதயம்மாள் வாளியோடு போய்த் தட்டைத் தன் கையாலேயே கழுவிவிட்டு வருவாள். ஆட்கள் கழுவினால் அவளுக்குத் திருப்தி இல்லை.

நான்கு ஞாயிறுகள் போயின. திருநாளுக்கு முதல் நாள் பாதிக் கரை லாஞ்சைச் சுற்றிக் கூடிவிட்டது. கஸ்பார் சலவைச் சட்டை போட்டிருந்தான். பிரஷ்ஷை இடுப்பில் செருகியிருந்தான், வீசுவதற்குத் தயாராக.

ரோசி ஏழு துளி விட்டாள்.

இருதயம்மாள் கண்ணை மூடி ஆரம்பித்தாள். அம்மா அவ்வளவு வேகமாகச் செபம் சொல்லி ரோசி கேட்டதே இல்லை. ராயபுரம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் மாதிரி ஓடியது. கஸ்பார் சிலுவை போட்டு முடிப்பதற்குள் ஆமென் வந்துவிட்டது.

ஏழு துளியும் சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல நின்றன.

"இது செல்லாது," என்றார் ஆறுமுகநயினார். "அம்மா எக்ஸ்பிரஸ்ல வுட்டுச்சி. இன்னொரு வாட்டி."

கஸ்பார் தானே சொன்னான். நிதானமாக, ஒன்றல்ல, மூன்று. துளிகள் அசையவில்லை. கூட்டம் கூச்சலிட்டது. நாலு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் இடுப்புப் பிரஷ் ஆறுமுகநயினார் மூக்கில் காவியடித்தது.

"தோத்துட்டேன், போதுமா?" என்றாள் இருதயம்மாள் முந்தானையால் வாயை மூடியபடி. "ஞாயித்துக்கெழம வந்து கொட்டிக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நண்டு கூடையில் கிடந்தது. அம்மா கண்ணாடி முன் நின்று மூன்றாவது தடவையாகக் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ரோசி மிளகு வாங்க ரசூல் பீவி கடைக்கு ஓடினாள்.

"விருந்தாமே வூட்ல?" என்றாள் ரசூல் பீவி, மிளகைப் பொட்டலம் கட்டிக்கொண்டே. "ஆமா, உங்கம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மாசா மாசம் பூசை முடிஞ்சி நேரா வந்து ரெண்டு கிலோ சலவ சோடா வாங்கிகினு போவும், இந்த மாசம் ஆளையே காணோம்."