கிளியிடம் சொன்ன புகார்

எந்தப் பறவையும் நார் கொண்டுவந்து முடையலாம் என்று ஒரு பொதுக்கூடு வளர்ந்துகொண்டிருந்தது. முடைவதில் தூக்கணாங்குருவியை மிஞ்ச அங்கே ஆளில்லை. புதிதாக வந்த தவிட்டுக்குருவியை அது, "இதெல்லாம் ஒரு முடிச்சா? போ, போய்க் குப்பையைக் கிளறு!" என்று கொத்தி விரட்டியதைச் சில்லைக்குருவி பார்த்துவிட்டது.

குறை கேட்கக் கிளியைத்தான் அமர்த்தியிருந்தார்கள்.

"கிளியிடமா சொல்லப்போகிறாய்? ஊருக்கே ஒப்பித்துவிடுமே!" என்றது மைனா.

தன் பெயர் தெரிந்தால் தூக்கணாங்குருவி தன்னையும் கொத்தி விரட்டுமே என்று சில்லைக்கு உதறல். ஆனாலும் போய்ச் சொன்னது.

கிளி நன்றாக விசாரித்தது. பிறகு தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டு, "தவிட்டுக்குருவியிடம் மன்னிப்புக் கேள். அதுவரை நாரைத் தொடாதே" என்றது.

"என்னைப் பற்றி யார் சொன்னது?"

சில்லை ஓர் இலைக்குப் பின்னால் ஒதுங்கியது.

கிளி தலையைச் சாய்த்து, அதே குரலில் கேட்டது: "என்னைப் பற்றி யார் சொன்னது?"

தூக்கணாங்குருவி எத்தனை தடவை கத்தினாலும் கிளிக்கு வேறு பேச்சே வரவில்லை.